வங்கக் கடலில் ஏஎன்-32 விமானத்தைத் தேடிய எல்லோருக்கும் நன்றி

வணக்கம்.

நான் விமானப்படையில் தரைப்பணி பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு தாம்பரம் பக்கம். 2016 ஜூலை 22 காலை எட்டரை மணிக்கு இங்கிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 என்ற விமானப்படைப் போக்குவரத்து விமானத்தைத் தேடியவர்களுக்கு நன்றி சொல்ல இதை எழுதுகிறேன். கூரியர் என்று நாங்கள் சொல்லும் வழக்கமான ஓட்டம் அது. அதில் இருந்த 29 பேரில் விமானப்படைக்காரர்கள்தான் அதிகம். ராணுவம், கடற்படை, கடலோரக் காவல்படை ஆட்களும் இருந்தார்கள். விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த 8 சிவிலியன்களும் இருந்தார்கள். சென்னைக்குக் கிழக்கே சுமார் 280 கிலோமீட்டரில், 23,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்த விமானம் இடப்பக்கம் திரும்பி வேகமாகக் கீழே இறங்கியது. 9.12 மணியோடு ரேடாரிலிருந்து மறைந்துவிட்டது.

முதல் நன்றி, அன்றே கடலுக்குப் போன கடற்படை, கடலோரக் காவல்படைக் கப்பல்களின் சிப்பந்திகளுக்கு. ஜூலை மாத வங்கக் கடல் எப்படி இருக்கும் என்று அதில் போனவர்களுக்குத் தெரியும். மேலே மேகம், கீழே அலை. பி-8ஐ, டோர்னியர் விமானங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தீர்களே, அந்த வேலையின் கஷ்டம் வெளியே யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் எல்லா அலையும் ஒரே மாதிரி ஆகிவிடும். கண் அசந்துவிட்டால், தாண்டி வந்த இடத்தில் ஒரு ஆள் மிதந்திருக்கலாம் என்ற பயம் மனதை அரிக்கும். மிதக்கிற ஒவ்வொரு பொருளையும் கிட்டப் போய்ப் பார்த்து, 'இது இல்லை' என்று குறித்துக்கொண்டு, அடுத்ததைத் தேடிப் போனீர்கள். கரையில் காத்திருந்த எங்களுக்கு, நீங்கள் இன்னும் கடலில்தான் இருக்கிறீர்கள் என்ற செய்தியே பெரிய தெம்பாக இருந்தது.

ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவர்களுக்கு யாரும் மாலை போடுவதில்லை. அதனால் உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அதற்கு முந்தைய வருடம், 2015 ஜூனில், கடலோரக் காவல்படையின் டோர்னியர் ஒன்று மூன்று பேரோடு காணாமல் போனது. அதிலிருந்த பீக்கன், அதாவது விமானம் கிடக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி, தண்ணீருக்கு அடியிலும் ஒலி எழுப்பியது. சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பலும் அந்த ஒலியைப் பிடித்தது. கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கிடந்த விமானத்தை ஒரு மாதம் கடந்தாவது கண்டுபிடிக்க முடிந்தது. ஏஎன்-32இல் அப்படி நீருக்கடியில் ஒலிக்கும் பீக்கன் இல்லை. ஆழமோ மூன்று மடங்குக்கு மேல். கூப்பிட்டால் பதில் வராது என்று தெரிந்தும் நீர்மூழ்கியை இறக்கினீர்கள். சாகர் நிதி, சமுத்ர ரத்னாகர் ஆராய்ச்சிக் கப்பல்களும் வந்தன. கடலுக்கு மேலே பறக்கும் எந்தப் படை விமானமும் நீருக்கடியில் ஒலிக்கும் பீக்கன் இல்லாமல் கிளம்பக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. அதை அன்று பொதுவெளியில் கேட்டவர்களுக்கும் நன்றி.

செப்டம்பர் 15ஆம் தேதி தேடல் நிறுத்தப்பட்டு, 29 பேரும் இறந்ததாகக் கருதப்படுவதாகக் குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டது. கொடுமையான கடிதம்தான். ஆனால் அது வராமல் இருந்தால் இன்னும் கொடுமை. காணாமல் போனவரை இறந்தவராகக் கருத, பொதுவான சட்டப்படி ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை பென்ஷன், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் என்ன ஆவது? பேப்பர்களை நகர்த்திய அலுவலகக்காரர்களுக்கும், கூடவே போய்ப் படிவம் நிரப்பிக் கொடுத்த நண்பர்களுக்கும் நன்றி. அப்புறம், குவார்ட்டர்ஸில் அந்த வீடுகளின் அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுபோன பெண்களுக்கும். என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. அந்த வீடுகளில் என்ன பேசினாள் என்று அவள் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை.

கடைசியாக, பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில்தான் உங்கள் வளாகம். எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்து போயிருக்கிறேன். விமானம் கிளம்பிய ஊருக்கு இவ்வளவு பக்கத்திலிருந்தே பதில் வரும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அந்த ஆழத்தில் வெளிச்சம் கிடையாது, ரேடியோ அலையும் போகாது. ஆளும் இல்லாமல், கயிறும் இல்லாமல், போட்டுக்கொடுத்த வழியில் தானாகவே போய்ப் படம் எடுத்துத் திரும்பும் வாகனத்தை இறக்கினீர்கள். சென்னையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்த சிதைவுகள் அதன் சோனாரிலும் (ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியால் அடியில் இருப்பதைக் காட்டும் கருவி) கேமராவிலும் பதிவாயின. ஆராய்ந்து பார்த்ததில் அவை ஏஎன்-32உடன் ஒத்துப்போயின. அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை. 2024 ஜனவரி 12 அன்று பாதுகாப்பு அமைச்சகம் அதை அறிவித்தது.

ஏழரை வருடம் கழித்து எதற்கு என்று சிலர் கேட்டார்கள். எங்காவது தீவில் இறங்கியிருப்பார்களோ, யாராவது காப்பாற்றியிருப்பார்களோ என்று ராத்திரியெல்லாம் யோசித்த அம்மாக்களிடம் கேட்டால் தெரியும். திதி கொடுக்கும்போது எந்தத் திசையைப் பார்த்து நிற்பது என்றாவது இப்போது தெரிகிறது. அதைக் கொடுத்தது நீங்கள்.

உங்களில் பெரும்பாலானவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். அந்தக் கப்பல்களிலோ விமானங்களிலோ இருந்த யாராவது இதைப் படித்தால், உங்களோடு டியூட்டியில் இருந்தவர்களுக்கும் அனுப்பிவையுங்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் எழுதியதுதான் இது.

அன்போடும் மரியாதையோடும்,
ஒரு முன்னாள் விமானப்படை வீரர்,
தாம்பரம்