கேஜ் சரி, தெர்மோமீட்டரும் சரி, அப்புறம் ஏன் 140?

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை

அன்புள்ள பழனி,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். இரண்டு வாரமாகச் சாயங்காலம் தவறாமல் மழை. தோட்டத்துச் சாலை முழுக்கச் சேறு, குலை ஏற்றிய லோரிகள் ஊர்ந்து ஊர்ந்துதான் வருகின்றன. தங்கச்சி கொடுத்தனுப்பிய முறுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பற்றி இங்கிருந்து தனிக் கடிதம் வரும்.

உன் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பாமாயில் மில்லில் குலைகளை நீராவியில் வேகவைக்கும் பாத்திரத்தில், அதாவது ஸ்டெரிலைசரில், அழுத்த கேஜ் 3 பார் காட்டுகிறது, பி.டி. 100 தெர்மோமீட்டர் மட்டும் 140 டிகிரியில் நிற்கிறது. இரண்டும் போன மாதம்தான் லேபுக்குப் போய்ப் 'பாஸ்' ஸ்டிக்கரோடு திரும்பின. இதில் எது பொய் சொல்கிறது என்று கேட்கிறாய். இரண்டுமே உண்மைதான் சொல்கின்றன என்பது என் சந்தேகம்.

பூரித நீராவியில், அதாவது தண்ணீரோடு சமநிலையில் நிற்கும் ஆவியில், ஒரு வசதி உண்டு. அழுத்தம் தெரிந்தால் வெப்பநிலை தெரியும், அது தெரிந்தால் இதுவும் தெரியும். கேஜில் 3 பார் என்றால் காற்றழுத்தத்தையும் சேர்த்து 4 பார், ஸ்டீம் டேபிளில் (அழுத்தத்துக்கு வெப்பநிலை சொல்லும் அட்டவணை) அதற்கு 143.6 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். உன்னிடம் மூன்றரை டிகிரிக்கு மேல் குறைகிறது. உள்ளே காற்று தங்கிவிட்டாலும் இப்படிக் குறையும், முதலில் எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் காற்று என்றால் ஒரு வேக்காட்டுக்கும் அடுத்ததற்கும் குறைவு மாறும், கண்டென்சேட் (ஆவி குளிர்ந்த தண்ணீர்) வால்வைத் திறந்துவிட்டால் வெப்பநிலை ஏறும். உனக்கு மூன்றாவது பீக் (ஒரு வேக்காட்டில் மூன்றாம் முறை அழுத்தம் ஏற்றி நிறுத்தும் நேரம்) முழுக்க, எல்லா வேக்காட்டிலும், அசையாமல் 140. இது காற்றின் குணம் இல்லை.

நீ வரைந்து அனுப்பிய படத்தைத் திரும்பப் பார். கேஜுக்கான குழாய் எடுத்திருப்பது பாத்திரத்தின் உச்சியில். கேஜ் இருப்பது கீழே ஆபரேட்டர் பேனலில், 4 மீட்டர் தாழ்வில். அந்தக் குழாய் காலியாக இராது, ஆறிய கண்டென்சேட் நிரம்பி நிற்கும். 1 மீட்டர் தண்ணீர் 0.098 பார், 4 மீட்டருக்கு 0.39. ஆக கேஜ் 3.0 காட்டும்போது பாத்திரத்துக்குள் 2.61தான். டேபிளில் அதற்கு எவ்வளவு என்று பார், 140 வரும்.

போன மாதம் வரை ஏன் இந்தப் பேச்சே எழவில்லை? இது என் ஊகம்தான்: முன்பு யாரோ ஒருவர், குழாயில் தண்ணீர் நின்ற நிலையில், முள்ளைப் பிடுங்கிப் பூஜ்யத்தில் திரும்பக் குத்தியிருக்கிறார். கேஜ் 0.39 குறைத்துக் காட்டியது, தண்ணீர் 0.39 கூட்டியது, கணக்கு நேராயிற்று. லேபில் மேசை மேல் தண்ணீர் ஏது? அவர்கள் பார்வையில் கேஜ் தப்பு. முள்ளைச் சரியாக்கி, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். சர்டிபிகேட்டை எடுத்து, திருத்துவதற்கு முன் இருந்த அளவுக்கு, அதாவது 'அஸ் ஃபவுண்ட்'டுக்கு, ஒரு பத்தி இருக்கிறதா பார். இருந்தால் எல்லாப் புள்ளியிலும் −0.39ஐ ஒட்டி நிற்க வேண்டும். இல்லை, திருத்திய பிறகு எடுத்த அளவு மட்டும்தான் என்றால் காசு வீண் போயிற்று என்றே சொல்வேன். கேலிபிரேஷன் என்பது கருவிக்கும் ஸ்டாண்டர்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதிவைப்பது. திருகித் திருத்துவது வேறு வேலை, அது அட்ஜஸ்ட்மென்ட். வந்த நிலையைக் குறிக்காமல் திருகிவிட்டால், போன ஒரு வருஷம் அந்த கேஜை நம்பி ஓட்டியது சரியா தப்பா என்று யாராலும் சொல்ல முடியாது.

அங்கேயே உறுதி செய்ய ஐந்து நிமிஷம் போதும். கதவு திறந்து, பாத்திரம் வெறுமையாக இருக்கும்போது, குழாயை வடிக்காமல் கேஜைப் பார். 0.4ஐ ஒட்டி நிற்க வேண்டும். பிறகு கேஜுக்குப் பக்கத்தில் இருக்கும் யூனியனை (குழாய் இணைப்பை) மெதுவாகத் தளர்த்து. தண்ணீர் வடிய வடிய முள் பூஜ்யத்துக்கு இறங்கும். கையுறை போட்டுக்கொள்ளச் சொல், மேலே உள்ள தண்ணீர் சூடாக இருக்கலாம்.

இறங்கினால் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் ஒன்று: முள்ளைப் பழையபடி திருப்பிக் குத்த யாரையும் விடாதே. குழாய் ஒரு நாள் ஊதப்பட்டோ கழற்றப்பட்டோ காலியாக இருந்தால், அந்தக் கேஜ் பூஜ்யம் காட்டும்போது பாத்திரத்தில் 0.39 பார் மிச்சம் இருக்கும். உங்கள் கதவு 2.7 மீட்டர் விட்டம் என்றாய். பரப்பு 5.7 சதுர மீட்டர், அதன் மேல் 0.39 பார் என்றால் ஏறக்குறைய 23 டன் தள்ளும். இப்போதுள்ள நிலையும் நல்லதில்லை. வெறும் பாத்திரத்துக்கு 0.4 காட்டிக்கொண்டே இருந்தால், "அது எப்பவும் அப்படித்தான்" என்று ஆபரேட்டர் பழகிவிடுவார், உண்மையிலேயே 0.4 இருக்கும் நாளிலும் அதையேதான் சொல்வார். கேஜைக் குழாய் எடுத்த மட்டத்துக்கே ஏற்றிவிடு, நடுவில் பன்றிவால் சைஃபன் (ஆவி நேரே கேஜுக்குள் போகாமல் தண்ணீர் தேக்கும் வளைகுழாய்) மறக்காதே. கீழே பேனலுக்கு டிரான்ஸ்மிட்டர் (அழுத்தத்தை மின் சிக்னலாக்கும் கருவி) போடு, நிரம்பிய குழாயோடு அதன் பூஜ்யத்தை அமைத்து, அந்த 0.39ஐத் தகட்டில் பொறித்து அதன் கழுத்திலேயே கட்டு. கதவு திறக்க கேஜை நம்பவே கூடாது, டெஸ்ட் காக்கை (பாத்திரத்தில் உள்ள சின்னச் சோதனைக் குழாய்த் திருகை) திறந்து ஆவி வரவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான்.

இனி உன் பட்டறையிலேயே கேஜ் பார்ப்பது பற்றி. 0–6 பார், கிளாஸ் 1.6 என்றால் அனுமதி முழு அளவில் 1.6 சதவீதம், அதாவது எந்த இடத்திலும் ±0.096 பார். 1 பாரில் படிக்கும்போது அது கிட்டத்தட்ட 10 சதவீதம், ஞாபகம் வை. கைப்பம்பும், முழு அளவில் 0.05 சதவீத டிஜிட்டல் கேஜ் ஒன்றும் போதும். முதலில் இரண்டு மூன்று தடவை 6 வரை ஏற்றி இறக்கு. பிறகு 0, 1.5, 3, 4.5, 6 என்று ஏறு, உச்சியில் சில நிமிஷம் நிறுத்து, அதே புள்ளிகளில் இறங்கு. ஒவ்வொரு புள்ளியிலும் தட்டாமல் ஒரு தடவை, விரலால் லேசாகத் தட்டி ஒரு தடவை படி. தட்டினால் முள் குதித்தால் உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் வித்தியாசம் பெரிதென்றால் கேஜுக்குள் முள்ளை நகர்த்தும் வளைந்த குழல் களைத்துவிட்டது, அதை எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது.

இரண்டு ஏமாற்றுகள் உண்டு. பூஜ்யத்தில் ஸ்டாப் பின் (முள்ளைத் தடுக்கும் சின்ன ஆணி) உள்ள கேஜில் முள் கீழே போக இடமில்லை. −0.3 தவறு இருந்தாலும் பூஜ்யத்தில் சமர்த்தாக நிற்கும். அதனால் அப்படிப்பட்ட கேஜில் பூஜ்யத்தைப் பார்த்து முடிவு செய்யாதே, முதல் உயிருள்ள புள்ளியைப் பார். அடுத்தது கிளிசரின் நிரப்பியவை. தலையில் உள்ள ரப்பர் மூடியை வெட்டியோ திறந்தோ விடாமல் மாட்டியிருப்பார்கள். நம் வெயிலில் உறைக்குள் அழுத்தம் ஏறி, சின்ன ரேஞ்ச் கேஜ்கள் குறைத்துக் காட்டும்.

பி.டி. 100ஐ லேபுக்கு அனுப்புமுன் ஐஸில் வைத்துப் பார்த்துவிடு. ஐஸ் கச்சாங் கடையில் சீவிய ஐஸ் வாங்கலாம், சர்பத் ஊற்றுமுன். தெர்மாஸில் அமுக்கி நிரப்பி, சுத்தமான தண்ணீர் கொஞ்சம் விட்டு, வெண்மை போய்க் கண்ணாடி போலச் சாம்பல் நிறம் ஆகும்வரை அமுக்கு. அடியில் தண்ணீர் தேங்கினால் வடித்துவிடு. 4 டிகிரி தண்ணீர்தான் கனம் அதிகம், அது அடியில் போய் உட்கார்ந்து உன் சென்சார் நுனியைச் சூடாக்கிவிடும். சென்சார் தடிமனைப் போல 15 மடங்கு ஆழம் இறக்கு. 100.00 ஓம் வர வேண்டும், கிளாஸ் பி என்றால் ±0.3 டிகிரி, அதாவது ஏறக்குறைய ±0.12 ஓம். 140 டிகிரியில் 153.58 ஓம். இரண்டு கம்பியில் இழுத்திருந்தால், கம்பியின் எதிர்ப்பு 1 ஓம் சேர்ந்தாலே 2.6 டிகிரி கூடிவிடும். மூன்று கம்பி போட்டுவிடு.

உங்கள் மில் லேபுக்கு வந்த புது ஜெர்மன் தராசு 200 கிராம் கல்லுக்கு 199.4 காட்டுகிறது என்று கோபப்பட்டிருந்தாய். பெட்டியிலேயே போட்டுத் திருப்பி அனுப்பாதே. அது உணர்வது விசையை, நிறையை அல்ல. அங்கே புவியீர்ப்பு ஏறக்குறைய 9.81, நம் பக்கம் 9.78. வித்தியாசம் 0.3 சதவீதம், 200 கிராமுக்கு 0.6 கிராம். இருக்கும் இடத்திலேயே கல் வைத்து அட்ஜஸ்ட் செய்தால் தீர்ந்தது. எடைக்கல் வைத்து அழுத்தம் உண்டாக்கிக் கேஜைச் சோதிக்கும் டெட்வெயிட் டெஸ்டர் வாங்கினாலும் இதே கதைதான், 9.80665க்குச் செய்ததா என்று கேள்.

லோரி நிறுக்கும் எடைமேடையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உன் கிராணிக்கும் (எழுத்தருக்கும்) படித்துக் காட்டு. 10 கிலோ படிகளில் காட்டும் மேடையில், காட்டும் எண்ணை மட்டும் பார்த்தால் 5 கிலோ வரை மறைந்திருக்கும். 20,000 கிலோ ஏற்றி, 20,000 என்று காட்டும்போது, 1 கிலோ கல்லாக ஒவ்வொன்றாக வை. மூன்றாவது கல்லில் 20,010க்குத் தாவினால் உண்மையான காட்சி 20,000 + 5 − 3, அதாவது 20,002. தவறு +2 கிலோ. தராசுகளுக்கான சர்வதேச விதியான ஓ.ஐ.எம்.எல். ஆர் 76 கணக்கில் இந்த மேடை மூன்றாம் வகுப்பு. 5 முதல் 20 டன் வரை ±10, அதற்கு மேல் ±15 கிலோ, ஓடிக்கொண்டிருக்கும் மேடைக்கு அதன் இரட்டிப்பு. நான்கு மூலையும் தனித்தனியே பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. இந்த மழையில் தட்டுக்கும் சுவருக்கும் இடையே சேறு இறுகினால் ஒரு மூலை தாங்கிக்கொள்ளும், மற்ற மூன்றும் சுத்தமாகத் தெரியும். மேடையின் உணரிக் கம்பிகள் சேரும் ஜங்ஷன் பாக்ஸில் ஈரம் புகுந்தால் காலையில் ஒரு எண், மத்தியானம் ஒரு எண்.

சர்டிபிகேட்டில் 'பாஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் இரண்டு எண்களைப் படி: தவறு, அதன் நிச்சயமின்மை (அந்தத் தவறு எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது). அனுமதி 0.096, தவறு +0.06, நிச்சயமின்மை 0.04 என்றால் கூட்டி 0.10 வருகிறது. அந்த கேஜை நான் 'பாஸ்' என்று சொல்லமாட்டேன். அடுத்த தேதி ஒரு வருஷம் என்று ஸ்டிக்கரில் இருந்தால் அதை யார் கேட்டார்கள் என்றும் பார். கேலிபிரேஷன் லேப்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரத்தின்படி, நீ ஒத்துக்கொண்டாலொழிய லேப் இடைவெளியைப் பரிந்துரைக்கக் கூடாது. மூன்று தடவை வந்த நிலையிலேயே நல்லபடி இருந்த கேஜுக்கு ஒன்றரை வருஷம் விடு, நகரும் கேஜை ஆறு மாதத்தில் கழற்று. அடுத்த ஆர்டரிலிருந்து 'திருத்துமுன் அளவு கட்டாயம்' என்று ஒரு வரி எழுதிவிடு. சாம் (மலேசிய லேப் அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட அளவுக்கும் ரேஞ்சுக்கும் உண்டா என்று பட்டியலில் சரிபார், லேப் வாசலில் சின்னம் தொங்குவது மட்டும் போதாது.

யூனியனைத் தளர்த்திப் பார்த்ததும் முள் எங்கே போயிற்று என்று எழுது. பழைய சர்டிபிகேட்டின் நகலையும் வைத்து அனுப்பு.

உன்,
சேகர்