சின்னக் கோடு இரண்டு: கட்டற்ற மென்பொருள் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாரும் எடுத்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எடுத்துச் சொல்ல உழைத்துவரும் நண்பர்களே,

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸுக்கு மாற்றாக இருக்கும் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸில் வெப்கேம் ஒளிபரப்பு மென்பொருளை நிறுவுவது பற்றித் தமிழில் ஒரு நல்ல கையேடு எழுதும்படி உங்களிடம் கோரிக்கை வைக்கவே இதை எழுதுகிறேன். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்டுவிடாதீர்கள். ஏற்காட்டில் ஒரு மாலை நேரக் கணக்கு வகுப்பு இரண்டு வாரம் நின்றுபோனது இதனால்தான்.

அதற்கு முன் என் பங்குக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. பிள்ளைகள் கடைக்கு எடுத்து வந்து, "அண்ணா, இதை எடுத்துவிட்டு முழுக்க விண்டோஸ் போட்டுக் கொடுங்கள்" என்பார்கள். போட்டுக் கொடுத்தேன். எத்தனை கணினிகளில் அழித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அது எதற்குப் பயன்படும் என்று ஒரு பிள்ளைக்குக்கூட நான் சொன்னதில்லை. எனக்கே அது தெரியாது. பக்கத்திலிருக்கும் கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள், அதற்கு மலையாளத்திலேயே பாடநூல் இருக்கிறது என்பதைப் பின்னாளில் அறிந்தபோது மனம் உறுத்தியது.

இப்போது அதே கணினிகளுக்கு நானே லினக்ஸ் போடுகிறேன். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத மடிக்கணினிகளை எடைக்குப் போடுவதா என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். வேண்டாம் என்று சொல்லி லினக்ஸ் மின்ட் நிறுவித் தருகிறேன். பாட்டுக் கேட்கலாம், கடிதம் அடிக்கலாம், இணையம் பார்க்கலாம். அதுவரை யாருக்கும் குறையில்லை. வெப்கேமில் வந்துதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்.

அந்த வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர் ஏற்காட்டில் இருக்கிறார். சேர்வராயன் மலையின் சிற்றூர்களில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு மாலையில் இலவசமாகக் கணக்குச் சொல்லித் தருகிறார். இருட்டிவிட்டால் மலைப்பாதையில் பிள்ளைகளை வீட்டில் அனுப்புவதில்லை. மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி வருகிறவர் தெரியாது. அதனால் டீச்சர் வீட்டில் இருந்தபடி நடத்துகிறார். அந்தந்த ஊரில் ஏதாவது ஒரு வீட்டில் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து பார்க்கிறார்கள். நான் போய்ப் பார்த்தபோது அவர் செய்திருந்த ஏற்பாடு இது: பழைய மேசை விளக்கின் வளைந்த கழுத்தில் ரப்பர் வளையத்தால் வெப்கேமைக் கட்டியிருந்தார். கேமரா நேர் கீழே நோட்டைப் பார்க்கிறது. அவர் கணக்குப் போடப் போட, பேனா நகர்வதும் அடித்துத் திருத்துவதும் பிள்ளைகளுக்கு அப்படியே தெரியும். கரும்பலகையைவிட இது மேல் என்பது என் எண்ணம். ஆசிரியரின் கை எங்கே தயங்குகிறது என்றுகூடப் பார்க்க முடிகிறது.

இதற்கு இரண்டு கேமரா வேண்டும். நோட்டுக்கு ஒன்று, முகத்துக்கு மடிக்கணினியிலேயே இருப்பது. இரண்டையும் ஒரே படமாக இணைத்து, தலைகீழாகத் தெரியும் நோட்டைத் திருப்பி, பிரவுசரில் நடக்கும் வகுப்புக்கு அனுப்ப ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற மென்பொருள் இருக்கிறது. இலவசம், கட்டற்றது, லினக்ஸில் நன்றாக ஓடுகிறது. டீச்சர் அதைத் தானே நிறுவிவிடலாம் என்று உட்கார்ந்தார். கையில் கிடைத்த குறிப்பை வைத்துக்கொண்டு, அறுபது வயதுக்கு மேல், முதல் முறையாகக் கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்தார்.

அன்று இரவு எனக்கு போன் வந்தது. "தம்பி, இதில் எழுதியிருப்பதை அப்படியே ஒட்டினேன். கட்டளையில் ஏதோ புரியவில்லை என்கிறது." ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். கேமராக்களைப் பட்டியலிடும் கட்டளை அது. நடுவில் ஒரு கோடு வருகிறது என்றார். ஒன்றா, இரண்டா என்று கேட்டேன். "ஒன்றுதான். கொஞ்சம் நீளமாக இருக்கிறது" என்றார். அங்கேதான் கோளாறு. இரண்டு சின்னக் கோடுகளை அடுத்தடுத்துத் தட்டினால் எழுதும் செயலிகள் பல அதை அழகுபடுத்துவதாக நினைத்து ஒரே நீளக் கோடாக மாற்றிவிடுகின்றன. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கணினிக்கு அது வேறு எழுத்து. எழுதியவர் தம் கணினியில் சரியாகத்தான் தட்டியிருப்பார். பதிப்பித்த பிறகு ஒரு முறை அதையே நகலெடுத்து ஒட்டிப் பார்க்கவில்லை. எல்லாக் கட்டளையையும் நீங்கள் அப்படி ஒரு முறை சோதித்துவிட்டு வெளியிட்டால், மலையில் ஒருவருக்கு ஓர் இரவு மிச்சமாகும்.

மறுநாள் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டு கேமராவையும் ஒரே நேரத்தில் ஓட விட்டதும் இரண்டாவது கேமரா இயங்கவில்லை. டெர்மினலில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி. சாதனத்தில் இடமில்லை என்பது அதன் நேர்ப் பொருள். டீச்சர் அதை எப்படிப் புரிந்துகொள்வார்? வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) நிறைந்துவிட்டது என்று நினைத்தார். இடம் உண்டாக்குவதற்காகப் பேத்தியின் சிறு வயதுப் படங்களை அழித்தார். அப்போதும் அதே செய்தி. இன்னும் கொஞ்சம் அழித்தார். எனக்கு போன் செய்தபோது குப்பைத்தொட்டியையும் காலி செய்திருந்தார். அதில் பாதியைத்தான் என்னால் மீட்க முடிந்தது.

அந்தச் செய்திக்கும் வன்தட்டுக்கும் சம்பந்தமே இல்லை. யுஎஸ்பி வழியில் இடமில்லை என்பதுதான் அதன் பொருள். கணக்குப் போட்டால் விளங்கும். 1280க்கு 720 புள்ளி கொண்ட படம், ஒரு புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 30 படம் என்றால், சுருக்காமல் அனுப்பும்போது நொடிக்கு ஏறத்தாழ 44 கோடி பிட் ஆகிறது. யுஎஸ்பி 2.0இன் உச்ச வேகமே 48 கோடி பிட்தான். நடைமுறையில் அத்தனையும் கிடைக்காது. மடிக்கணினியின் உள்ளே இருக்கும் கேமராவும் பெரும்பாலும் அதே யுஎஸ்பி வழியில்தான் இணைந்திருக்கிறது. ஒற்றையடிப் பாதையில் இரண்டு லாரி போக முடியுமா? ஓபிஎஸ்ஸில் கேமராவின் பட வடிவத்தை, ஒவ்வொரு படத்தையும் சுருக்கி அனுப்பும் மோஷன் ஜேபெக் என்று மாற்றினால் பல நேரம் போதும். அளவை 640க்கு 480 ஆகக் குறைப்பதும் உதவும். சில மடிக்கணினிகளில் வேறு துளையில் செருகினாலே சரியாகிவிடும். இந்த நான்கு வரி தமிழில் எங்காவது டீச்சர் கண்ணில் பட்டிருந்தால் அந்தப் படங்கள் இருந்திருக்கும்.

ஆகவே என் கோரிக்கையில் முதலானது, பிழைச் செய்திகளை எழுதுங்கள். எப்படி நிறுவுவது என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். எங்கே உடையும், உடைந்தால் திரையில் என்ன வரும், அதற்கு உண்மையில் என்ன பொருள் என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. ஆங்கிலச் செய்தியை அது வரும் விதமாகவே கொடுத்து, அடியில் தமிழில் விளக்குங்கள். கேமரா வேறு வேலையில் இருக்கிறது என்ற செய்தி வந்தால், பிரவுசரில் ஏதோ ஒரு பக்கம் கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறது, அதை மூடு என்று சொல்லுங்கள். ஒரு கேமராவிலிருந்து ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு செயலிதான் படம் வாங்க முடியும் என்பது நமக்குப் பழகிப்போனது. புதிதாக வருகிறவர் அதை ஊகித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

கேமராவுக்கு டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) தேடு என்று தொடங்கும் குறிப்புகளை விட்டுவிடுங்கள். 2008இல் வந்த 2.6.26 பதிப்பிலிருந்தே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், யுவிசி என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றும் கேமராக்களுக்கான டிரைவர் இருக்கிறது. இன்று கடையில் விற்கும் யுஎஸ்பி வெப்கேம்களில் பெரும்பாலானவை அந்தப் பொதுத் தரத்தில் வருபவைதான். செருகியதும் வேலை செய்யும். முதலில் சீஸ் போன்ற ஒரு சிறு செயலியில் படம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். படம் வந்துவிட்டால் கேமராமீது குற்றமில்லை என்று தெரிந்துவிடும், பாதி பயம் போய்விடும்.

மெய்நிகர் கேமராவுக்கு வருகிறேன். ஓபிஎஸ் இணைத்த படத்தை பிரவுசர் ஒரு கேமராவாக ஏற்க வேண்டுமானால் வி4எல்2லூப்பேக் என்ற கெர்னல் மாட்யூல் (கெர்னலோடு சேரும் துணைப்பகுதி) தேவை. நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருளைக் கணினி தொடங்கும்போதே தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் அதை நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். கணினியை அணைத்துப் போட்டால் நீலத்திரை ஒன்று வந்து, ஒரு பட்டனை அழுத்தச் சொல்லிச் சில நொடிகள் காத்திருக்கும். அழுத்தாவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் கணினி திறந்துகொள்ளும். மாட்யூல் மட்டும் இயங்காது. திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டும். டீச்சர் நீலத்திரையைப் பார்த்ததும் கணினியைக் கெடுத்துவிட்டோம் என்று பயந்து பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மூடி, பீரோவில் வைத்துவிட்டார். இரண்டு வாரம் அது வெளியே வரவில்லை. என்னிடம் சொல்லவும் கூச்சப்பட்டிருக்கிறார். "இதன் பிறகு ஒரு நீலத்திரை வரும், பயப்பட வேண்டாம், உடனே ஒரு பட்டனை அழுத்துங்கள், சற்று முன் உருவாக்கிய கடவுச்சொல்லைக் கேட்கும்" என்று முன்கூட்டியே ஒரு வாக்கியம் எழுதியிருந்தால் அந்த இரண்டு வாரமும் வகுப்பு நடந்திருக்கும். கெர்னல் புதுப்பிக்கப்படும்போது இந்த மாட்யூலும் மீண்டும் உருவாக வேண்டும், அதற்குக் கெர்னலின் ஹெடர் கோப்புகள் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். நேற்று வரை இருந்த கேமரா இன்று காணவில்லை என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஓபிஎஸ்ஸை எதிலிருந்து நிறுவுவது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. எந்த லினக்ஸ் வகையிலும் மென்பொருளை நிறுவ உதவும் ஃபிளாட்பேக்கில் புதிய பதிப்பு கிடைக்கும், உண்மைதான். ஆனால் முதல் முறை அதற்கு வேண்டிய துணைக் கோப்புகளோடு சேர்த்துப் பல நூறு எம்பி இறங்கும். போன் டேட்டாவில் இணையம் பெறுகிற மலை வீட்டுக்கு அது ஒரு நாள் டேட்டாவை விழுங்கிவிடும். மின்ட்டின் சொந்த மென்பொருள் களஞ்சியத்தில் இருக்கும் பதிப்பு பழையதாக இருந்தாலும் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். இரண்டையும் கலந்து நிறுவிவிட்டு எது திறக்கிறது என்று தெரியாமல் குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று காரணம் சொல்லி எழுதுங்கள். எந்தத் தேதியில், எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள் என்பதும் தலைப்புக்குக் கீழேயே இருக்கட்டும்.

இன்னொன்று. கிடைக்கிற குறிப்புகளில் பெரும்பகுதி வீடியோ கேம் விளையாடி ஒளிபரப்புகிறவர்களுக்காக எழுதப்பட்டது. நொடிக்கு 60 படம் வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். நோட்டில் எழுதுவதைக் காட்ட 10 படம் போதும். எழுத்து தெளிவாகத் தெரிவதுதான் முக்கியம். பழைய கணினி சூடாகாமலும் இருக்கும். பாடம் நடத்துகிறவர்கள், தையல் சொல்லித் தருகிறவர்கள், வீட்டில் இருந்தபடி நகை வேலையைக் காட்டி விற்கிற செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள் என்று நம் ஊரில் வெப்கேமுக்கு வேறு வேறு வேலை இருக்கிறது. அவர்களை மனத்தில் வைத்து எழுதுங்கள்.

சொற்களைப் பற்றியும் பணிவோடு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கலைச்சொல்லாக்கத்தில் உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் திரையில் டெர்மினல் என்று எழுதியிருக்கும்போது குறிப்பில் முனையம் என்று மட்டும் இருந்தால், டீச்சர் முனையத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறார். திரையில் தெரியும் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் ஒரு முறையாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுங்கள். பிறகு முனையம் என்றே எழுதலாம், அவரும் பழகிக்கொள்வார்.

வகுப்பு மீண்டும் நடக்கிறது. போன வாரம் நான் போயிருந்தபோது டீச்சர் பிள்ளைகளுக்கு வெப்கேமின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். 1991இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், காப்பி இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் நடந்துபோய் வெறும் பாத்திரத்தைப் பார்த்துத் திரும்பியவர்கள், அந்தப் பாத்திரத்தை நோக்கி ஒரு கேமராவை வைத்தார்கள். 1993இல் அந்தப் படம் இணையத்துக்கும் வந்தது. காப்பி என்றதும் மறுமுனையில் ஒரு பெண் குழந்தை, "டீச்சர், அது எங்க மலைக் காப்பியா?" என்று கேட்டது. டீச்சர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இணைப்பு ஒரு கணம் நின்று, மறுபடி வந்தது. குழந்தை அதே கேள்வியை மீண்டும் கேட்டது.

நண்பர்களே, இந்தக் கையேட்டை எழுதுகிறவர்களுக்கு என் கடையும் பழைய மடிக்கணினிகளும் எப்போதும் திறந்திருக்கும். எழுதி முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கோரிமேடு, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் பஸ் போகிறது, சேர்ந்தே போகலாம். உங்கள் கையேட்டை டீச்சர் கையில் கொடுப்போம். அவர் முதல் வரியிலிருந்து படித்துத் தானே தட்டட்டும். நாம் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வரியில் அவர் கை நிற்கிறது என்று குறித்துக்கொள்வோம்.

அன்புடன்,
அம்மாப்பேட்டையில் கணினி பழுது பார்ப்பவன்,
சேலம்