மேட்டு லயமும் பணிய லயமும் ஒரே சேனலில்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் ஏ.எல்லுக்குக் கணிதப் பிரிவு எடுத்ததில் எனக்கு உன்னைவிடச் சந்தோஷம். இங்கே பொகவந்தலாவைப் பக்கம் மழை விட்டபாடில்லை, கொழுந்து நல்ல வரத்து, மற்றபடி எல்லாரும் சுகம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். வாசிகசாலை வைஃபையில் போனில் கோடெல்லாம் நிறைந்து நிற்க, பின்னேரம் ஆனதும் பிள்ளைகளின் பாட வீடியோ ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பெலன் கூடிய ரவுட்டர் ஒன்று வாங்கி அனுப்பவா என்று கேட்டிருந்தாய். வாங்காதே மச்சான். அந்தக் கோடுகள் காட்டுவது ரவுட்டரின் சத்தம் போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும்தான், பேச முறை கிடைக்குமா என்பதை அல்ல. ஒரு சேனலில் இருக்கிற எல்லாப் போனும் ரவுட்டரும் ஒரே அலைவரிசையில் பேசுகின்றன, இரண்டு ஒன்றாகப் பேசினால் பெரும்பாலும் இரண்டுமே கெட்டுவிடும்.

நம் ரயில் பாதையில் ரம்புக்கனைக்கு மேலே ஒற்றைத் தண்டவாளம்தானே, ஸ்டேஷன் மாஸ்டர் டேப்லட் என்கிற அனுமதி வில்லையைக் கொடுக்காமல் நானுஓயாவிலிருந்து வண்டி நகராது. 4ஜி அந்த மாதிரி: எந்தப் போன் எப்போது பேச வேண்டும் என்று டவர் மில்லிசெக்கன் கணக்கில் பிரித்துக் கொடுக்கிறது. வைஃபைக்கு அப்படி மாஸ்டர் கிடையாது, லைசென்ஸ் இல்லாமல் யாரும் பாவிக்கக்கூடிய அலைவரிசை என்பதால் பக்கத்து வீட்டு ரவுட்டருக்கு நம் ரவுட்டர் உத்தரவு போட முடியாது.

அதனால் 1997இல் வந்த 802.11 என்ற வைஃபை தரநிலை போன்களுக்கே ஒரு ஒழுங்கைப் பழக்கியது. அதற்கு முன்னோடி 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஆப்ரம்சன் குழு இயக்கிய அலோஹாநெட், அதில் யாரும் காது கொடுக்காமலே அனுப்பலாம், பதில் வராவிட்டால் கொஞ்சம் கழித்துத் திரும்ப அனுப்பலாம், ஆனால் கணக்குப்படி சேனலில் சுமார் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். வைஃபை அனுப்புவதற்கு முன் காது கொடுக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் அடிப்படை விதிப்படி 34 மைக்ரோசெக்கன் அமைதியாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகும் உடனே பேசாமல் 0 முதல் 15 வரை ஏதோ ஒரு எண்ணை எடுத்து, 9 மைக்ரோசெக்கனுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, பூச்சியம் ஆனதும் பேசுகிறது. நடுவில் வேறு யாராவது பேசினால் எண்ணுவது அப்படியே நிற்கும், அமைதி திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும், காத்திருந்தது வீணாகாது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான், எந்த அதிகாரியும் இல்லாமலே வரிசை உண்டாகிறது.

அனுப்புகிற நேரத்தில் தன் சத்தமே தன் ஆன்டெனாவில் பல மடங்கு பெரிதாக இருப்பதால் மோதல் நடந்தது போனுக்குத் தெரியாது. கிடைத்தவர் 16 மைக்ரோசெக்கனில் ஒரு சிறிய ஒப்புதல் அனுப்புவார், 34ஐவிடக் குறைவு என்பதால் இடையில் யாரும் நுழைய முடியாது. ஒப்புதல் வராவிட்டால் எண் எடுக்கும் எல்லை 31, 63 என்று இரட்டித்து 1023 வரை போகும்.

இத்தனையும் ஒருவர் சத்தம் மற்றவருக்குக் கேட்டால்தான். நம் மலையில் அதுதான் நடக்கவில்லை. வாசிகசாலை மேட்டு உச்சியில் இருக்கிறது, மேட்டு லயத்து வரிசை வீடுகள் இந்தப் பக்கம், பணிய லயத்து வீடுகள் அந்தச் சரிவில். ரவுட்டருக்கு இரண்டும் கேட்கும், ஆனால் இந்த லயத்துப் போனுக்கு அந்த லயத்துப் போன் கேட்காது, நடுவில் மண்ணும் கல்லும். இரண்டுமே காற்று சும்மா இருக்கிறதென்று நம்பி அனுப்ப, ரவுட்டரின் காதில் வந்து மோதுகின்றன. ரவுட்டரின் பெலனைக் கூட்டினால் ஒரு போனின் சத்தம் இன்னொரு போனுக்குக் கேட்டுவிடுமா?

இதற்கும் தரநிலையில் ஒரு வழி உண்டு. போன் முதலில் ஒரு குட்டி விண்ணப்பம் அனுப்பும், ரவுட்டர் ‘சரி, அனுப்பு’ என்று இரண்டு லயத்துக்கும் கேட்கும்படி பதில் சொல்லும், அதிலே எவ்வளவு நேரம் என்றும் இருப்பதால் மற்றவை அந்த நேரம் முடியும்வரை வாயைத் திறக்காது. ஆனால் விண்ணப்பம் அனுப்புவதா இல்லையா என்று போன்தான் தீர்மானிக்கிறது, எத்தனை பைட்டுக்கு மேல் போனால் விண்ணப்பம் வேண்டும் என்ற எல்லையை ரவுட்டரில் குறைத்தால் ரவுட்டர் அனுப்புவதற்கு மட்டும்தான் அது பொருந்தும்.

இன்னொரு சிக்கல், முறை சமமாகக் கிடைத்தாலும் நேரம் சமம் இல்லை. 1500 பைட்டை செக்கனுக்கு 54 மெகாபிட் வேகத்தில் அனுப்ப கால் மில்லிசெக்கன்கூட ஆகாது, கோடி வீட்டுப் பழைய போன் 1 மெகாபிட்டில் அதையே அனுப்ப 12 மில்லிசெக்கன், அதுவரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளையைக் குறை சொல்லாதே, அவளுக்கு ரவுட்டர் தூரம், அவ்வளவுதான்.

2021இல் முடிவான 802.11ஏஎக்ஸில், அதாவது வைஃபை 6இல், ரவுட்டரே முறை பிரித்துக் கொடுக்கலாம், 20 மெகாஹெர்ட்ஸை 9 பேருக்குவரை ஒரே நேரத்தில் பகிரலாம். ஆனால் போனும் புதிதாக இருக்க வேண்டும், இங்கே பிள்ளைகள் கையில் இருப்பது அண்ணன் அக்கா பாவித்துக் கொடுத்தவை.

அதனால் நான் சொல்வது: சாதாரண ரவுட்டர் இன்னொன்று போதும், பணிய லயத்துப் பக்கம் வைத்து வாசிகசாலையிலிருந்து வயர் இழுப்போம், ஒன்றை சேனல் 1இலும் மற்றதை 11இலும் விட்டு, 1, 2 மெகாபிட் பழைய வேகங்களை நிறுத்திவிடுவோம். வயர் 100 மீட்டருக்குள் அடங்கும், ஆனால் சித்திரை மாத இடியை நினைத்தால் செப்பு வயர் எனக்குப் பயம். கொழும்பில் ஃபைபர் வயரும் இரண்டு பக்கத்துக்கும் சமிக்ஞை மாற்றும் பெட்டியும் என்ன விலை என்று விசாரித்து எழுது, வாசிகசாலைக் காசில் எவ்வளவு இருக்கிறது என்று பொருளாளரிடம் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி