முதலில் வந்த சங்கம்

அன்புள்ள மகளுக்கு,

பேரனை பிஎம்எக்ஸ் என்னும் மண்தடச் சைக்கிள் பந்தயத்தில் சேர்த்துவிட்டதாகவும், அந்தத் தடத்தின் நிர்வாகக் குழுவில் உன்னையும் இழுத்துப் போட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அப்படியானால், அமெரிக்காவில் அந்த விளையாட்டின் முதல் தேசியச் சங்கம் எப்படித் தோன்றி எப்படி மறைந்தது என்பதை நீ அறிந்திருப்பது நல்லது.

1970 நவம்பரில், கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில், ஸ்காட் பிரைத்தாப்ட் என்னும் 13 வயதுச் சிறுவன் ஆளுக்கு 25 சென்ட் வாங்கிக்கொண்டு ஒரு காலி மனையில் சைக்கிள் பந்தயம் நடத்தினான்; பரிசாகக் கொடுத்தவை, மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் அவனே வென்றிருந்த கோப்பைகள். இப்படி ஆங்காங்கே நடந்தவற்றை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவர, மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்திவந்த எர்னி அலெக்சாண்டர் எழுபதுகளின் முற்பகுதியில் நேஷனல் பைசைக்கிள் அசோசியேஷனைத் தொடங்கினார். பொது விதிகளும், பந்தயத்துக்குப் பந்தயம் சேரும் புள்ளிகளும், நாட்டிலேயே முதலிடம் பெற்றவருக்கு சைக்கிளில் மாட்டிக்கொள்ள 1 என்ற எண் பலகையும் வந்தபின், தெருப் பிள்ளைகளின் விளையாட்டு முறையான போட்டியாயிற்று.

ஆனால் இத்தகைய சங்கத்தின் கையில் இருப்பவை விதிகளும் புள்ளிக் கணக்கும் உறுப்பினர் சந்தாவும்தாம். தடங்களைப் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களே நடத்துகிறார்கள். மனம் மாறினால் அவர்கள் வேறு சங்கத்தின் அங்கீகாரத்தைப் பெற்றுக்கொள்ளலாம். 1974-இல் ஃபுளோரிடாவில் ஜார்ஜ் எஸ்ஸர் நேஷனல் பைசைக்கிள் லீகைத் தொடங்கினார். 1977-இல் அரிசோனாவில் அமெரிக்கன் பைசைக்கிள் அசோசியேஷன் வந்தது. பின்னது, தகுதிச் சுற்றில் வென்றவர் நேரே அடுத்த கட்டத்துக்குச் செல்ல, மற்றவர்கள் மீண்டும் ஓட்டி முயலும் முறையைக் கொண்டுவந்தது. காலையிலிருந்து வெயிலில் காத்துக்கிடக்கும் பெற்றோருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இனி நீயே அறிவாய். முதற்சங்கம் தன் பெயரில் மோட்டோகிராஸ் (கரடுமுரடான மண்தட மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் பெயர்) என்பதைச் சேர்த்துப் பார்த்தது, பயனில்லை. எண்பதுகளின் தொடக்கத்திலேயே தனிப் பந்தயங்களை நிறுத்திவிட்டு லீகோடு கைகோத்து, பின்னர் அதிலேயே கரைந்தது. போட்டியாளர்கள் அதை வீழ்த்தினார்கள் என்பதைவிட, பந்தய நாளைச் செம்மையாக நடத்துவோர் பக்கம் தடங்கள் சாய்ந்தன என்பதே என் கணிப்பு.

அந்த லீகும் 2011-இல் அமெரிக்கன் அசோசியேஷனோடு இணைந்து யுஎஸ்ஏ பிஎம்எக்ஸ் ஆனது. ஆகவே, பேரனின் உறுப்பினர் அட்டை இம்மூன்றில் கடைசியாக வந்த சங்கத்தின் வழியில் வந்ததே. குழுக் கூட்டத்தில் உனக்கு வேலை பிரிக்கும்போது, புள்ளிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா