அந்த ஒரே மாதிரி பயோடேட்டாவை விட்டுவிடுங்கள்: செட்டிநாட்டுக் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் கடை, பள்ளி, விடுதி என்று பலதரப்பட்ட அலுவலகங்களுக்கு ஆள் பார்த்துக் கொடுக்கும் பொறுப்பில் இருப்பவள் நான். ஆபீஸ் அசிஸ்டென்ட், அட்மின், கணக்கு உதவியாளர் என்று விளம்பரம் கொடுத்த அன்றைக்கே வாட்ஸ்அப்பில் பயோடேட்டாக்கள் வந்து குவிகின்றன. பெரும்பாலும் உங்கள் மாணவர்களுடையவைதாம். பெயரையும் படத்தையும் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

முதல் பத்தி எல்லாவற்றிலும் ஒன்றே: சவாலான சூழலில் என் திறமையைப் பயன்படுத்தி நிறுவனத்தோடு சேர்ந்து வளர விரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில். நேரில் வந்த பிள்ளையிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் மேலே ஓடும் ஃபேனைப் பார்க்கிறது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சீனியரிடமிருந்து வந்த ஃபைலில் பெயரை மட்டும் மாற்றிக்கொள் என்று சொல்லிக் கொடுத்தது யார்? உங்களிடம் ஒரு வகுப்புக்கு அறுபது பேர் இருக்கிறார்கள், வேலைவாய்ப்பு முகாமுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஃபைலால் அதிகம் நட்டப்படுவது நன்றாக வேலை தெரிந்த பிள்ளைதான். அது செய்த வேலையைச் சொல்ல அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

அலுவலக நிர்வாக வேலைக்கு ஆள் எடுப்பவர் தேடுவது மிகச் சாதாரணமான ஒன்று. தபால் வந்தால் பதிவேட்டில் ஏற்றுவாரா, கேட்ட கோப்பை உடனே எடுத்துக் கொடுப்பாரா, தேதி தவறாமல் வேலையை முடிப்பாரா? 'டாலி தெரியும்' என்று கணக்கு மென்பொருளின் பெயரைச் சொல்லும் இரண்டு சொல்லில் இதற்குப் பதில் இல்லை. 'டாலியில் கொள்முதல், விற்பனை வவுச்சர் போடுவேன். மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒத்துப் பார்ப்பேன். மாதாமாதம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி கணக்கில் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி போக வேண்டியதற்கான பில்களை ஆடிட்டருக்குத் தயார் செய்து கொடுப்பேன்' என்று எழுதிய பிள்ளையை நான் அன்றைக்கே கூப்பிடுவேன். பிஎஃப், இஎஸ்ஐ பணம் 15ஆம் தேதிக்குள் கட்டவேண்டும் என்பது தெரிந்திருந்தால் அதையும் ஒரு வரி எழுதட்டும். 'எம்.எஸ். ஆபீஸ்' என்பதும் அப்படித்தான். எக்செல்லில் கட்டண பாக்கியை வகுப்புவாரியாகப் பிரித்து, வேர்டில் மெயில் மெர்ஜ் போட்டுப் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம் எடுக்கத் தெரியும் என்றால், அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். தெரியாததை எழுதவேண்டாம், சிஸ்டம் முன்னால் உட்காரவைத்தால் பத்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

நம் ஊருக்கென்று சில வேலைகள் இருக்கின்றன. பழைய வீடுகளை விடுதியாக்கியவர்களிடம் வெளிநாட்டு விருந்தினர் வந்து இறங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை இணையத்தில் பதிந்தாகவேண்டும். ஆத்தங்குடித் தரைக்கல் பெங்களூருக்குப் போகிறதென்றால், சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டும்போது சரக்கோடு போகும் இணையச் சீட்டான இ-வே பில் போடவேண்டும். கண்டாங்கிச் சேலைக்கு ஆர்டர் பிடித்து, கூரியர் அனுப்பி, திரும்பி வந்ததற்குக் கணக்கு வைக்கவேண்டும். இவற்றில் ஏதோ ஒன்றைச் சொந்தக்காரர் கடையில் செய்து பழகிய பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். பயோடேட்டாவில் அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள்!

டைப்பிங் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இந்த ஊர்ப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பத்தாவது விடுமுறையிலேயே இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் லோயர் முடித்து, கல்லூரி முடிப்பதற்குள் ஹையரும் வாங்கிவிடுகிறார்கள். லோயர் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் 45 சொல். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தேர்வு வைத்துக் கொடுக்கும் சான்றிதழ். அரசு வேலைக்கென்று படித்த அந்தச் சான்றிதழைத் தனியார் அலுவலகத்துக்கு எழுதும்போது இரண்டாம் பக்கத்தின் அடியில், பொழுதுபோக்குக்கு மேலே ஒளித்துவைக்கிறார்கள். அது முதல் பக்கத்தில், பெயருக்கு அடுத்து வரவேண்டியது. கூடவே தமிழா ஆங்கிலமா, எந்த ஆண்டு, என்ன கிரேடு என்றும் வேண்டும். சிஓஏ என்ற கணினி அலுவலகப் பயிற்சிச் சான்றிதழ் முடித்திருந்தால் அதுவும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அதிலும் தமிழ்! மாநகராட்சிக்கும் மின்வாரியத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் போகும் கடிதங்கள் தமிழில்தான் போகின்றன. பொருள், பார்வை என்று முறையாகப் போட்டு, கேட்பதை நாலு வரியில் கேட்கிற கடிதம் எழுதத் தெரிந்தவர் கிடைப்பது அரிது. பழைய கோப்புகள் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன, புதியவை யூனிகோடில். ஒன்றை மற்றொன்றாக மாற்றத் தெரியும், தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பேன் என்று ஒரு வரி பார்த்தால் எனக்கு ஒரு மாத்திரை தலைவலி குறையும். இத்தனை பயோடேட்டாக்களில் தமிழில் கடிதம் எழுதுவேன் என்று திறமைப் பட்டியலில் போட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தமிழ் தெரிவது ஒரு திறமையா என்று நினைத்துவிடுகிறார்கள் போலும்.

கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைகளை வளர்த்துவிட்டு வேலை தேடும் பெண்களும் உங்கள் பழைய மாணவிகள்தாம். அவர்களும் உங்களிடம்தான் யோசனை கேட்டு வருகிறார்கள். எட்டு வருடம் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதி வருவார்கள். பேசிப் பார்த்தால் மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநராக இருந்திருப்பார்கள்: தீர்மானப் பதிவேடு எழுதி, சேமிப்புக் கணக்கு வைத்து, வங்கிக் கடனுக்குத் தவணை தவறாமல் கட்டி, தணிக்கைக்குப் புத்தகம் கொடுத்திருப்பார்கள். இதற்கு மேல் அலுவலக நிர்வாகம் என்று என்ன இருக்கிறது? குழுவின் பொறுப்பு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எத்தனை உறுப்பினர், எந்தெந்தப் புத்தகங்கள் என்று நாலு வரி எழுதினால் போதும். ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை ரசீது போட்டு வரவு செலவு ஒப்படைத்தவர்களுக்கும் இதையே சொல்வேன்.

இது நமக்குப் புதிதும் இல்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களின் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன், அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர்ந்தது பேரேடு எழுதவும் ஐந்தொகை கட்டவும் தெரிந்ததால்தான். அவனிடம் யாரும் லட்சியம் கேட்கவில்லை.

நீக்கவேண்டியவை சுருக்கமாக. ஆதார் எண்ணை பயோடேட்டாவில் போடவே கூடாது. அந்தத் தாள் எத்தனை கை மாறும் என்று யாருக்கும் தெரியாது. சாதி, மதம், அப்பாவின் தொழில் தனியார் வேலைக்குத் தேவையில்லை. அரசுத் தேர்வுக்கு அவற்றில் வேண்டியதைக் கேட்கும் படிவம் தனியாக இருக்கிறது. கடைசியில் வரும் உறுதிமொழியால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை, மூன்று வரி வீண். இரண்டு பத்தியாகப் பிரித்து வண்ணம் பூசிய டிசைன்கள் போனில் திறந்தால் எறும்பு ஊர்வதுபோல் தெரிகின்றன. ஒரு பக்கம், வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, பிடிஎஃப். ஃபைலுக்குத் தன் பெயரையும் கேட்கும் வேலையின் பெயரையும் வைக்கட்டும். விளம்பரத்தில் தமிழ் டைப்பிங், டாலி, டெலிபோன் என்ற வரிசையில் கேட்டிருந்தால் அதே வரிசையில் பதில் சொல்லட்டும். மின்னஞ்சல் முகவரியில் தேவதை, ராக்ஸ்டார் வேண்டாம். முன்பு வேலை பார்த்த கடையின் வாடிக்கையாளர் பெயர்களை அனுபவத்தில் அடுக்குபவரை எந்த முதலாளியும் எடுக்கமாட்டார், நாளை தன் கணக்கும் வெளியே போகும் என்று பயப்படுவார்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் கல்லூரி அலுவலகத்தையே பயிற்சிக்கூடமாக்குங்கள். இறுதியாண்டு மாணவர்களை இரண்டு வாரம், முறைவைத்து, அங்கே உட்காரவையுங்கள். இன்வர்டு அவுட்வர்டு பதிவேடு, போனஃபைடு சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம், கட்டண ரசீது எல்லாம் அங்கேயே இருக்கின்றன. முடித்துவிட்டு வந்து, தான் செய்ததை நாலு வரியில் தானே எழுதட்டும். இலக்கணப் பிழை இருந்தால் திருத்துங்கள், வாக்கியத்தை மாற்றாதீர்கள்.

அடுத்த முகாமுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மதியம் கூப்பிட்டால் நான் வருகிறேன். ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஒருவரையும் விடுதி மேலாளர் ஒருவரையும் அழைத்து வருகிறேன். பயணப்படி வேண்டாம். மாணவர்கள் எழுதிய தாள்களை மட்டும் முந்தின நாளே அனுப்பிவையுங்கள், படித்துவிட்டு வருகிறோம்.

இப்படிக்கு,
அலுவலக மேலாளர் ஒருத்தி,
காரைக்குடி