ஆறு கணினிகளுக்கு விற்ற விண்டோஸ் உரிமம் பற்றிய முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
20.01.2026

முகாமையாளர் அவர்களுக்கு,

நான் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு நடத்துகிறேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடியவிருந்ததால், ஜூலை முதல் கிழமையே உங்கள் பம்பலப்பிட்டிக் கடையில் ஆறு புதுக் கணினிகள் வாங்கினேன். பற்றுச்சீட்டில் "விண்டோஸ் 11 ப்ரோ ஒரிஜினல் - 6" என்று இருக்கிறது. ஆறுக்கும் தனித்தனியாகக் காசு கட்டினேன்.

இம்மாதம் 10ஆம் திகதி, சனிக்கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை திரையின் வலது மூலையைக் காட்டி, "மிஸ், இது ஆக்டிவேட் பண்ணச் சொல்லுது" என்றாள். பார்த்தால் ஆறிலும் அதே மங்கல் எழுத்து. மென்பொருள் திருட்டு தவறு என்று போன தவணைதான் அவர்களுக்குப் படிப்பித்திருந்தேன். கூசிப்போனேன்.

கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். "கொண்டு வாங்கோ மிஸ், திரும்ப அடிச்சுத் தாறம். ஒரு கீயை எத்தனை மெஷினுக்கும் போடலாம்" என்றார் அங்கிருந்த தம்பி. போடலாம்தான், ஆனால் அது உரிமம் ஆகாது. அன்றிரவே ஒவ்வொரு கணினியாகச் சோதித்தேன். ஆறிலும் கீயின், அதாவது உரிமக் குறியீட்டின், கடைசி ஐந்து எழுத்து ஒன்றே. வகை, கேஎம்எஸ். பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்தச் சேர்வர் மூலம் ஆக்டிவேட் செய்யும் முறை அது. 25 கணினிகளாவது இல்லாவிட்டால் அந்தச் சேர்வர் ஆக்டிவேட் செய்யாது. 180 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். ஜூலையிலிருந்து எண்ணிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். ஆறு கணினி வைத்திருக்கும் என்னிடம் ஏது சேர்வர்?

திரும்ப அடித்துத் தருவது எனக்கு வேண்டாம். கணினிக்கு ஒன்றாக ஆறு முறையான உரிமம் தாருங்கள். மதர்போர்டோடு கட்டுப்பட்ட ஓஇஎம் என்றாலும் சரி, வேறு கணினிக்கு மாற்றக்கூடிய ரீடெயில் என்றாலும் சரி, ஆறுக்கும் வெவ்வேறு கீ இருக்க வேண்டும். முடியாதென்றால் அதற்கு வாங்கிய காசைத் திருப்பித் தாருங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. நாளை யாராவது வந்து கேட்டால், கணினி இருப்பது என் வகுப்பறையில். பதில் சொல்ல வேண்டியவள் நான்.

பற்றுச்சீட்டின் பிரதியும் ஆறு திரைகளின் படங்களும் இணைத்துள்ளேன். 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
வகுப்பு ஆசிரியை