கரடிப்பூண்டு பறிக்கும் காலம்

லைப்சிக், ஜெர்மனி,
ஏப்ரல் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். நீ, அப்பா, தம்பி எல்லோரும் நலம்தானே? காட்டில் இலை பறித்துச் சமைத்தேன் என்று போனில் சொன்னதும் பதறிவிட்டாய். தெரியாத ஊரில் தெரியாத இலையைத் தின்னலாமா என்று நீ கேட்டது நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்தக் கடிதம். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு.

இந்த ஊருக்கு நடுவிலேயே ஆற்றங்கரையை ஒட்டி ஒரு காடு நீண்டு கிடக்கிறது. ஔவால்ட் என்பார்கள். குளிர்காலம் முழுக்க மரங்கள் மொட்டையாக நிற்கும். மார்ச் மாதம் வந்ததும், மரம் தளிர்ப்பதற்கு முன்பே, தரை முழுக்கப் பச்சை பரவிவிடும். சைக்கிளில் அந்தப் பக்கம் போனாலே பூண்டு வாசம் தூக்கும். மரங்கள் இலை விட்டுவிட்டால் கீழே வெயில் விழாது. அதனால் இந்தச் செடி முந்திக்கொண்டு இலை விட்டு, பூத்து, விதை போட்டு, ஜூன் மாதத்தில் மஞ்சளாகிப் படுத்துவிடுகிறது. அப்புறம் மண்ணுக்குள் இருக்கும் சின்னப் பூண்டு மட்டும்தான் அடுத்த வசந்தம் வரை உயிரோடு இருக்கும்.

பேர்லௌக் என்பது இதன் பெயர். கரடிப்பூண்டு என்று வைத்துக்கொள். குளிர்காலத் தூக்கம் முடிந்து எழும் கரடி முதலில் இதைத்தான் தேடித் தின்னும் என்று கதை சொல்கிறார்கள். காட்டுப்பூண்டு, சூனியக்காரி வெங்காயம் என்றும் பெயர்கள் உண்டு. நம் வெங்காயம், பூண்டுக்கு இது சொந்தக்காரச் செடிதான்.

இனி உன் பயத்துக்கு வருகிறேன். பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இதே நேரத்தில், இதே மாதிரி பச்சை இலையோடு இரண்டு விஷச் செடிகளும் முளைக்கும். ஒன்று மைகிளோக்ஷன். மணி மணியாக வெள்ளைப் பூ பூக்கும், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் நம் அரளி மாதிரி இதயத்தைத் தாக்கும் விஷம் அதில் இருக்கிறது. இன்னொன்று ஹெர்ப்ஸ்ட்சைட்லோஸ. வசந்தத்தில் இலை மட்டும் விடும், பூ இலையுதிர் காலத்தில்தான் வரும். அதில் இருப்பது கோல்சிசின். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கமெல்லாம் கண்வலிக்கிழங்கு போடுகிறார்களே, நம் செங்காந்தள், அதில் இருக்கும் அதே விஷம். செங்காந்தளும் இதுவும் ஒரே குடும்பத்துச் செடிகள். தின்றால் உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். கரடிப்பூண்டு என்று நினைத்து இதைப் பறித்துத் தின்று இறந்தவர்கள் இந்த நாட்டில் உண்டு. செங்காந்தள் கிழங்கைத் தொடவிடாமல் எங்களை விரட்டியவள் நீ, உனக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எப்படிப் பிரித்தறிவது என்று கீழ்வீட்டுப் பாட்டி கூடவே வந்து சொல்லிக் கொடுத்தார். கரடிப்பூண்டின் ஒவ்வொரு இலைக்கும் தனித்தனிக் காம்பு உண்டு, தரையிலிருந்து ஒற்றையாக எழும். இலையின் அடிப்புறம் மங்கலாக, பளபளப்பில்லாமல் இருக்கும். மைகிளோக்ஷனில் ஒரே தண்டிலிருந்து இரண்டு இலைகள் பிரியும். மற்றதில் இலைக்குக் காம்பே கிடையாது, பல இலைகள் ஒன்றாகச் சேர்ந்து விறைப்பாக எழும். கசக்கி முகர்ந்தால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். முதல் இலையிலேயே கையெல்லாம் பூண்டு நாறிவிடும், அதற்குப் பிறகு எதை முகர்ந்தாலும் பூண்டுதான். அதனால் பாட்டி வாரி அறுக்க விடுவதில்லை. ஒவ்வொரு இலையாகப் பார்த்துத்தான் பறிக்க வேண்டும், துளி சந்தேகம் வந்தாலும் விட்டுவிட வேண்டும். நானும் அப்படித்தான் செய்கிறேன் அம்மா.

பறிப்பதற்கும் சட்டம் இருக்கிறது. வீட்டுத் தேவைக்கு ஒரு கைப்பிடி எடுக்கலாம், மூட்டை கட்டக் கூடாது. பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதியில் அதுவும் கூடாது. கிழங்கைத் தோண்டாமல், ஒரு செடியில் ஒன்றிரண்டு இலையோடு நிறுத்திக்கொண்டால் அடுத்த வருஷமும் இருக்கும். எனக்கு இந்த ஒழுங்கு மிகவும் பிடித்திருக்கிறது.

காய்கறி கிடைக்காத குளிர்மாதங்கள் முடிந்ததும் முதலில் கிடைக்கும் பச்சை என்பதால், அந்தக் காலத்தில் இதை மருந்தாகவே தின்றிருக்கிறார்கள். வயிற்றுக்கு நல்லது, பூச்சியை விரட்டும், இரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்பது நம்பிக்கை. இப்போது வெண்ணெயில் பிசைந்து ரொட்டியில் தடவுகிறார்கள், உருளைக்கிழங்கு சூப்பில் போடுகிறார்கள், எண்ணெயும் கொட்டைப்பருப்பும் சேர்த்து அரைத்து பாட்டிலில் வைக்கிறார்கள். பூத்த பிறகு விஷமாகிவிடும் என்று சிலர் சொல்வது சரியில்லை. இலை முற்றி ருசி குறையும், அவ்வளவுதான். வெள்ளை நட்சத்திரம் மாதிரிப் பூக்கும், அதையும் தின்னலாம்.

நான் நம் வழியில்தான் சமைக்கிறேன். நன்றாக அலசி, பொடியாக நறுக்கி, பாசிப்பருப்பு வெந்து இறக்கும்போது மேலே தூவிக் கிளறினால் கூட்டு மணக்கிறது. அடுப்பில் அதிக நேரம் விட்டால் மணம் போய்விடும். முட்டைப் பொரியலிலும் போட்டேன், சப்பாத்தி மாவிலும் பிசைந்தேன். துவையல்தான் எல்லாவற்றையும் விட ருசி. உளுத்தம்பருப்பும் வரமிளகாயும் வறுத்து, இலையைப் பச்சையாகவே வைத்து அரைத்தேன். கீழ்வீட்டுப் பாட்டிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். காரத்தில் கண் கலங்கினாலும் ரொட்டியோடு முழுக்கச் சாப்பிட்டார்.

பூ விரிவதற்கு முன் மொட்டுகளைப் பறித்து இங்கே வினிகரில் ஊறப்போடுவார்கள். அதை நல்லெண்ணெயில் நம் பூண்டு ஊறுகாய் மாதிரியே போட்டுப் பார்க்க ஆசை. மொட்டு இன்னும் ஒரு வாரம்தான் மொட்டாக இருக்கும். புளி எவ்வளவு, வெந்தயப்பொடி எவ்வளவு என்று தம்பியிடம் சொல்லி இன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லு.

உன் அன்பு மகள்